உப்பளத்தின் மழை மாதங்களும் காத்திருப்புப் பணமும்

வேலை நடக்காத காலத்திலும் ஒருவர் தன் வேலைக்கென்றே இருக்க வேண்டும் என்று கொடுக்கும் பணம் தக்கவைப்புத் தொகை. வழக்கறிஞர், தணிக்கையாளர் போன்றோரின் ஒப்பந்தங்களில் இன்று இது சாதாரணமாக இடம்பெறும் சரத்து. அந்தப் பணம் காத்திருப்பதற்கான கூலியா, வரப்போகும் வேலைக்கான முன்பணமா, கடைசிக் கணக்கில் கழிபடுமா என்பதைச் சரத்து தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பணம் வாங்கியவர் கடன்காரராகிவிடுவார். உப்புத் தொழிலின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

உப்பளங்கள் உள்ள மரக்காணத்தில் பொங்கலை ஒட்டி அளத்து வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளை மண் போட்டு உயர்த்துவார்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். உப்புநீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக வெயிலில் கெட்டிப்படும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை வாரிக் குவிப்பார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எல்லாம் தண்ணீர். அடுத்த தை வரை அளத்தில் வருமானம் இல்லை. ஆனால் பழகிய ஆட்கள் தையில் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைந்த உப்பு முழுவதையும் அளக்காரர் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கு அரசு கொடுத்த விலைக்குக் குடிவாரம் என்று பெயர். குடிவாரம் எடைக்குக் கிடைப்பது. அளக்காரரை அரசுக்கு மட்டுமே கட்டிப்போட்ட அந்த ஏற்பாட்டில், உப்பு விளையாத மாதங்களுக்கு விலை இல்லை.

சும்மா இருப்பதற்கும் பணம் என்ற எண்ணம் அக்காலத்துக்கு அந்நியமானதல்ல. மரக்காணத்துக்குத் தெற்கே, பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் அது எழுத்திலேயே இருந்தது. அங்கு உப்பு விளைவிப்பதை நிறுத்துவதற்காக 1818 மே 13-ல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆங்கிலேயர் ஆண்டுதோறும் 4,000 நட்சத்திர வராகன் கொடுக்க ஒப்புக்கொண்டனர். அது அள உரிமையாளர்களுக்கான இழப்பீடு. வேலை இழந்த காலத்துக்கு ஒப்பந்தம் விலை வைத்தது, ஆனால் உரிமை உடையவருக்கு மட்டும்.

கூலியாட்களைப் பொறுத்தவரை சட்டம் எதிர்த்திசையில் போனது. 1859-ன் 13-வது சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைப் பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று நீதிபதி உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென வந்த இது பிறகு மற்ற பகுதிகளுக்கும் பரவியது. 1925-ல்தான் இதை நீக்கச் சட்டம் வந்தது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கொத்தடிமையாக்குவது 1976-ல் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

உப்புத் தொழிலாளி யார் என்பதையே உச்ச நீதிமன்றம் விசாரிக்க நேர்ந்தது, கட்ச் ரண் ஓரத்துக் கூடா உப்பளத்து வழக்கில். அங்கே அகாரியர்கள் எனப்படும் உப்பு விளைவிப்போர் குடும்பத்தோடு பாத்தி வேலை செய்து, மணங்குக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார்கள். பருவத் தொடக்கத்தில் முன்பணம், முடிவில் கணக்குத் தீர்ப்பு. இவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றது அளத்தை நடத்திய திராங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனம். வேலை முறையின் மீது நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை 1956 நவம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. எடைக்குக் கூலி என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதே இத்தீர்ப்பின் பெரும் பயன்.

காத்திருப்புப் பணத்துக்குத் தெளிவான சொற்கள் வருங்கால வைப்புநிதிச் சட்டத்தில் உள்ளன. நிறுவனம் இயங்காத காலத்தில், ஊழியரின் சேவையைத் தக்கவைத்துக்கொள்ளத் தரும் படி என்று அது இதை வரையறுக்கிறது. அந்தப் படிக்கும் வைப்புநிதி பிடித்தம் உண்டு. சர்க்கரை ஆலைகளின் பருவகால ஊழியர்கள் இத்தகைய படியைப் பெற்றுவருகிறார்கள்.

உப்பளத்தில் அதற்கு நெருக்கமான ஏற்பாட்டைச் செய்தது தமிழ்நாடு அரசு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. இது கூலியில் கழிபடாது. தையில் எந்த அளத்துக்குப் போக வேண்டும் என்றும் கட்டுப்படுத்தாது. ஆனால் கொடுப்பது அரசு. அளம் நடத்துபவர் மீது இத்திட்டம் எந்தக் கடமையையும் சுமத்தவில்லை.