டிரான்சிஸ்டர் என்னும் பெயருக்குள் ஒரு மின்தடை

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் ஜெர்மானியத் துண்டொன்றின் மீது இரண்டு தங்கமுனைகளை மிக நெருக்கமாகப் பதித்து, மின்சைகையைப் பெருக்கிக் காட்டினர். மறு ஆண்டு அக்கருவிக்குப் பெயர் தேடியபோது, அங்குப் பணியாற்றிய ஜான் பியர்ஸ் வெற்றிடக் குழாயோடு அதனை ஒப்பிட்டார். குழாயில் உள்ளீட்டு மின்னழுத்தம் வெளியீட்டு மின்னோட்டத்தை ஆள்வதால், அதன் பண்பு கடத்துமையின் பெயரால் வழங்கிவந்தது. புதிய கருவியை அதன் மறுதலையாகக் கண்ட பியர்ஸ், ‘டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ்’ என்பதிலிருந்து ‘டிரான்சிஸ்டர்’ என்னும் சொல்லைப் படைத்தார். ஆக, மின்தடை அதன் பெயரிலேயே குடியிருக்கிறது.

அது எத்தகைய மின்தடை என்பதற்கான விடை 1949இல் வில்லியம் ஷாக்லி வெளியிட்ட சந்திக் கோட்பாட்டில் கிடைத்தது. சந்தியின் மின்னோட்டம் மின்னழுத்தத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. அவ்வளைகோட்டின் ஒரு புள்ளியருகே மிகச் சிறிய பகுதியை மட்டும் நோக்கினால் அது நேர்கோடாகத் தோன்றும். அக்கோட்டின் சாய்வு தருவதே சிறுசைகை மின்தடை. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 25 மில்லிவோல்ட்டை உமிழ்ப்பான் மின்னோட்டத்தால் வகுத்தால் அது கிட்டும். 1 மில்லிஆம்பியருக்கு 25 ஓம். மின்னோட்டம் இரட்டித்தால் 12.5 ஓம். ஜெர்மானியமோ சிலிக்கனோ, இவ்விதி மாறுவதில்லை.

இந்த ஒரு மின்தடையைக் கைக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். மின்னோட்டப் பெருக்கம் 100 எனக் கொள்வோம். உமிழ்ப்பானில் 101 பங்கு ஓடும்போது அடிவாய் தருவது ஒரு பங்கே. எனவே, உமிழ்ப்பானில் உள்ள 25 ஓம், அடிவாயிலிருந்து நோக்குவோருக்கு ஏறத்தாழ 2,500 ஓமாகத் தெரிகிறது. உமிழ்ப்பானோடு தொடராக 1,000 ஓம் சேர்த்தால், அடிவாயில் தெரிவது ஒரு லட்சம் ஓமுக்குச் சற்று மேல். எதிர்த்திசையில் இதே கணக்கு தலைகீழாகும்: அடிவாயோடு இணைந்த 10,000 ஓம், உமிழ்ப்பானிலிருந்து நோக்கினால் 99 ஓமாகச் சுருங்கும், உள்ளார்ந்த 25 ஓமையும் கூட்டினால் 124 ஓம். மின்தடை ஒன்றே, பார்க்கும் வாயில்தான் வேறு.

ஏற்பானின் கதை தனி. அதன் மின்னழுத்தம் மாறினும் மின்னோட்டம் பெரிதும் மாறுவதில்லை. ஆதலால் அங்குத் தெரியும் மின்தடை மிக உயர்ந்தது. ஆனால் முடிவிலியன்று. ஏற்பான் மின்னழுத்தம் ஏறும்போது அடிவாயின் செயற்படு அகலம் குறைவதை 1952இல் ஜேம்ஸ் எர்லி விளக்கினார். அவர் பெயராலேயே அவ்விளைவு இன்றும் வழங்குகிறது.

எனினும் வகுப்பறைகளில் நெடுங்காலம் ஆட்சிசெய்தவை எச்-அளபுருக்கள். கருவியை மூடிய பெட்டியாகக் கொண்டு, வெளியிலிருந்து அளக்கப்படும் நான்கு எண்கள் அவை. அளவீட்டுக்கும் தயாரிப்பாளர் பட்டியலுக்கும் அவை மிகப் பொருத்தமானவை. மில்மன், ஹால்கியாஸ் ஆகியோரின் நூலைப் பயின்ற இந்திய மாணவர் தலைமுறைகள் அவற்றைக் கொண்டே பெருக்கிகளைக் கணக்கிட்டன. ஆனால் உள்ளீட்டு மின்தடை 2,500 ஓம் என்று பட்டியல் கூறும்போது, மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் அது ஏன் 5,000 ஓமை நெருங்குகிறது என்பதை அவ்வெண் தானாகச் சொல்லாது. 25 மில்லிவோல்ட் விதி சொல்லும்.

இழப்பு நுண்ணியது, ஆயினும் விளைவு பெரிது. சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த மாணவர், சுற்று பிழைபடும்போது எந்த முனையில் எவ்வளவு மின்தடை தெரிய வேண்டும் என்று ஊகிக்க இயலாமல் நிற்கிறார். ஏற்பானில் 5,000 ஓம், உமிழ்ப்பானில் 1,000 ஓம் எனில் பெருக்கம் ஏறத்தாழ 5 என்பது, கருவியின் பட்டியலைப் புரட்டாமலே சொல்லக்கூடிய விடை. 25 ஓம் அங்கே 1,000 ஓமுக்குள் மறைந்துவிடுகிறது. மின்னோட்டப் பெருக்கம் 100ஆ 200ஆ என்பதும் பொருட்டன்று. கருவிக்குக் கருவி வேறுபடும் பண்புகளை நம்பாமல் சுற்றை அமைக்கும் கலை இங்கேதான் தொடங்குகிறது. கணிப்பொறி உருவகிப்பு பல இலக்கத் துல்லியத்தோடு விடை தரும் இக்காலத்தில், அவ்விடை பொருந்துமா என்று தீர்ப்பளிக்க வல்லது இந்த எளிய மின்தடைப் பார்வையே.