கேட்காமல் வந்த அப்டேட்

போன மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்து மணி. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் பால் வாங்கக் கிளம்புமுன் வழக்கம்போல் போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் பேத்தி படத்தைக் காணோம். சிம் பின் நம்பரைப் போடு என்று கேட்டுக்கொண்டு நின்றது. இரவு படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நான் அணைக்கவும் இல்லை. நம்பரைப் போட்டதும் மெசேஜ்கள் வரிசையாக இறங்கின. திண்டிவனத்திலிருந்து அக்கா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். மூன்றும் இரவு இரண்டு மணிக்கு மேல்.

அக்காவுக்கு வயது 81. தனியாக இருக்கிறாள். பனிக்காலம் வந்தால் இழுப்பு வரும். அன்றைக்கு வந்தது சாதாரண இழுப்பு இல்லை. மாடியில் குடியிருக்கும் பையன் சத்தம் கேட்டு இறங்கி வந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஆக்ஸிஜன் வைத்து, விடிவதற்குள் கொஞ்சம் தெளிந்துவிட்டாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது இதுதான்: "ஏண்டா, உன் போனு அணைச்சி வெச்சிருக்குதுன்னு ஒரு பொம்பள சொல்லிக்கினே இருந்தாளே, எங்கடா போன?"

நடந்தது என்னவென்று பிறகு மகன் விளக்கினான். நடுராத்திரி போன் தானாக அப்டேட் ஆகி, தானாக அணைந்து, தானாக உயிர் பெற்றிருக்கிறது. தொலைந்துபோனால் யாரும் சிம்மைப் பயன்படுத்தக் கூடாது என்று அவன்தான் அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தான். பூட்டுள்ள சிம், போன் அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் நம்பர் கேட்கும். போடும் வரை வெளியிலிருந்து எந்த அழைப்பும் வராது. அப்டேட்டுக்குப் பூட்டு தெரியாது, பூட்டுக்கு அப்டேட் தெரியாது. இரண்டுமே என் பாதுகாப்புக்காக வந்தவை.

நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இது கூடுதலாக உறுத்தியது. திண்டிவனத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்து டிரங்க் கால் போட்டுக்கொடுத்த காலத்தில், மணிலா மண்டிக்காரர்கள் சென்னை விலை கேட்க அர்ஜென்ட் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். லைன் கிடைக்காததற்கு எங்களைத் திட்டுவார்கள். ஆனால் சொல்லாமல் எதையும் மாற்றினோம் என்று யாரும் எங்களைத் திட்டியதில்லை. மாற்றம் வராமலும் இல்லை. 1984இல் சி-டாட் தொடங்கியது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் 128 இணைப்புள்ள அதன் முதல் கிராமத்து எக்ஸ்சேஞ்ச் வேலை செய்ய ஆரம்பித்தது. பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் உத்தரப் பிரதேசத்து மன்காபூரில் தயாரான இ-10பி எக்ஸ்சேஞ்சுகளும் வந்தன. அவற்றுக்குள் இருந்ததும் சாப்ட்வேர்தான். அதை மாற்றுவதென்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும். பழையதை முதலில் டேப்பில் எடுத்து வைப்போம், ராத்திரி கூட்டம் குறைந்த நேரத்தில் செய்வோம், யார் எத்தனை மணிக்குச் செய்தது என்று லாக் புக்கில் கையெழுத்துப் போடுவோம். கெட்டுப்போனால் பழைய டேப்பைத் திரும்ப ஏற்ற ஆள் பக்கத்திலேயே விழித்திருப்பார். சந்தாதாரர் நம்பருக்கு முன்னால் ஒரு 2 சேர்த்ததற்கே பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். பழைய நம்பரைச் சுற்றியவர்களுக்கு அறிவிப்புக் குரல் வைத்தோம்.

கைப்பேசி வந்த புதிதிலும் இந்தத் தொல்லை கிடையாது. 2003இல் வந்த நோக்கியா 1100 உங்களில் பலரிடம் இருந்திருக்கும், டார்ச் லைட்டோடு. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ, பட்டன் எழுத்து தேய்ந்து தூக்கிப் போடும் நாளிலும் அப்படியேதான் இருந்தது. ஐபோனில்கூட 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வரும் வரை, அப்டேட் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஒயர் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். அதன் பிறகு காற்று வழியாகவே இறங்க ஆரம்பித்தது. முதலில் கேட்டுவிட்டு வந்தது. பிறகு, வேண்டாம் என்று நாம் தேடிப்போய்ச் சொன்னால் ஒழிய வரும் என்றாயிற்று.

கேட்காமல் வருவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் பிழைக்கப் போயிருக்கும் ஐக்கிய அரபு நாட்டில் 2009 ஜூலையில் ஒரு சங்கதி நடந்தது. எடிசலாட் என்பது அங்கே பெரிய தொலைபேசி நிறுவனம். அதன் பிளாக்பெர்ரி வாடிக்கையாளர்களுக்கு, நெட்வொர்க் இன்னும் நன்றாக வேலை செய்யும், இந்த அப்டேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. போட்டவர்களுக்கு பேட்டரி மளமளவென்று இறங்கியது, போன் சூடானது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது வேவு பார்க்கும் சாப்ட்வேர். பிளாக்பெர்ரியைத் தயாரித்த ரிம் நிறுவனமே, இது எங்கள் அப்டேட் அல்ல என்று சொல்லி, அதை நீக்க ஒரு கருவியையும் வெளியிட்டது. பேட்டரி மட்டும் இறங்காமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

நம் நாட்டில் 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். போனில் பெயர்ப் பட்டியலைத் திறந்தால், யாரும் பதியாத ஒரு பெயர்: ஆதார் ஆணையத்தின் உதவி எண், 1800-300-1947. அதுவும் பழைய எண். ஆணையத்தின் அப்போதைய எண் வெறும் 1947. என் போனிலும் இருந்தது. என் சம்பந்தி போனிலும் இருந்தது. அரசாங்கம் உள்ளே புகுந்துவிட்டது என்று ஒரே அமளி. நாங்கள் யாரையும் போடச் சொல்லவில்லை என்றது ஆணையம். ஓரிரு நாளில் கூகுள் ஒப்புக்கொண்டது: 2014இல் இந்தியாவுக்கென்று போன் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த ஆண்ட்ராய்டின் தொடக்க அமைப்பில், இந்த எண்ணையும் 112 என்ற அவசர எண்ணையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டோம் என்று. போன் மாற்றும்போது பெயர்ப் பட்டியலும் கூடவே போகும் அல்லவா? அப்படியே புதிய போன்களுக்கும், ஐபோன்களுக்கும்கூட அது தொற்றிக்கொண்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது அப்டேட் இல்லை, ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தது. ஒரு கெடுதலும் நடக்கவில்லைதான். ஆனால் நான்கு வருஷம் கோடிக்கணக்கானவர் பையில் இருந்திருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. என் எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு நம்பர் லாக் புக்கில் இல்லாமல் ஏறியிருந்தால் எனக்குச் சார்ஜ் மெமோ வந்திருக்கும்.

அதே 2018இல் இத்தாலியில் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டார்கள். பழைய மாடல் போன்களுக்குப் பெரிய அப்டேட்டை வற்புறுத்தி ஏற்றச் செய்து, அவை தடுமாறிப்போயின என்று, அங்கே போட்டி மற்றும் நுகர்வோர் விவகாரங்களைப் பார்க்கும் ஆணையம் அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. இங்கே 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்கள் சரியாக இல்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்ததால், விளக்கம் கேட்டு ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி சொன்னார். அந்த ஆகஸ்டில் கூகுளின் போன் செயலி முகமே மாறியது. நாடு முழுக்க ஜனங்கள் அழைப்பை எடுக்கத் தெரியாமல் திணறி, நாங்கள் எதையும் அப்டேட் பண்ணவே இல்லையே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு வந்தது சஞ்சார் சாத்தி. திருட்டுப் போனைத் தேடவும், நம் பெயரில் வேறு யாராவது சிம் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும் உதவும் அரசுச் செயலி. நல்ல செயலிதான், நானே வைத்திருக்கிறேன். 2025 நவம்பர் 28 தேதியிட்ட தொலைத்தொடர்புத் துறை உத்தரவு, 90 நாளுக்குள் புதிய போன்கள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும் என்றது. தயாராகி விற்பனைக்குப் போய்விட்ட போன்களுக்கு அப்டேட் வழியாக அனுப்ப முயலவும் சொன்னது. செய்தி வெளியானதும் பெரிய எதிர்ப்பு. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர் சிந்தியா. டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் என்பதையே கைவிட்டார்கள். நானாகப் போய் இறக்கிக்கொண்டதையும், ராத்திரியில் தானாக வந்து உட்கார்வதையும் ஒன்றாக நினைக்க என்னால் முடியவில்லை, சாமான் ஒன்றேயானாலும்.

மறுபக்கமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எனவே அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களோடு நான் சேரமாட்டேன். பென்ஷன் கணக்கு, ஜி-பே எல்லாம் அந்தப் போனில்தானே இருக்கிறது.

இப்போது சிம் பூட்டை எடுத்துவிட்டேன். செட்டிங்ஸில் தேடி, ராத்திரியில் தானாக அப்டேட் ஆகும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கும் மகனுக்குமாக முக்கால் மணி நேரம் ஆனது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலைப் பலகாரம் ஆனதும் நானே உட்கார்ந்து போடுகிறேன். அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன்: "அக்கா, அரை மணி நேரம் என் போன் கிடைக்காது. ஏதாவதுன்னா இவ நம்பருக்குப் போடு."

போன ஞாயிறும் அப்படியே செய்தேன். "செரி செரி, முடிஞ்சதும் நீயே போடு" என்றாள். முடிந்தது. போட்டேன். அவளிடம் பேசிவிட்டு இதை எழுத உட்கார்ந்தால், கீபோர்டில் 'ழ' இருந்த இடத்தில் இல்லை.