கோழிவலையில் சிக்கிய சிக்னல்

மழை வந்தா டிடிஎச் படம் அப்படியே உறைஞ்சு நிக்குதுல்ல? 1975-ல அந்தத் தொல்லை பெருசா இல்லாத ஒரு டிஷ் நம்ம நாட்டுல இருந்துச்சு. செஞ்சது கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையில!

நாசாவோட ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி இஸ்ரோ நடத்திய 'சைட்' திட்டம் அது. ஆறு மாநிலங்கள், சுமார் 2,400 கிராமங்கள். அகமதாபாத்திலிருந்து மேலே போன நிகழ்ச்சி, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரா ஊர்ப் பொது டிவிக்கு இறங்கியது. நடுவில் கேபிள்காரர் கிடையாது.

வலையில ஓட்டை இருக்கே, சிக்னல் ஒழுகாதா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா 860 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அவ்வளவு சின்ன ஓட்டை அதுக்குத் தெரியவே தெரியாது. வலையும் தகடும் ஒண்ணுதான். இன்றைய டிடிஎச் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அதை விழுங்கிடும்.

கீழே மூன்று மீட்டர் வலை போதுமானதுக்குக் காரணம், மேலே ஒன்பது மீட்டர் ஆன்டெனா குடை மாதிரி விரிஞ்சிருந்தது. செலவை எல்லாம் வானத்துல போட்டுட்டாங்க.

சிக்கலும் அங்கேதான். 1976 ஜூலை 31-ஓடு கெடு முடிஞ்சது. செயற்கைக்கோள் அமெரிக்கப் பக்கம் திரும்பிப் போச்சு. சில ஊர்களுக்குப் பிறகு தரைவழி ஒளிபரப்பு வந்தது. வீட்டுக்கே டிடிஎச் வந்தது 2003-ல.