கோம்பை நாயும் குருதி நோயும்

எங்கள் வீட்டுக் கோம்பை நாய் காட்டுப்பன்றியிடம் குத்துப்பட்டு வந்தாலும் மஞ்சள் பூசினால் எழுந்துவிடும். சித்தியின் மகனோ பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஏழு வயதில் போய்விட்டான். தெய்வக் குற்றம் என்று ஊரார் சித்தியைத்தான் பழித்தார்கள்.

நான் படித்தது ஃபிரெஞ்சு வழியில். ரஷ்ய இளவரசன் அலெக்ஸியைப் பற்றி அவனுடைய ஃபிரெஞ்சு ஆசிரியர் ஜில்லியார் எழுதியதைப் படித்தபோதுதான் ஹீமோஃபீலியா என்ற பெயர் தெரிந்தது.

1947-இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் டாக்டர் பிரிங்கவுஸ் இந்நோயுள்ள ஐரிஷ் செட்டர் நாய்களை வளர்த்து ஆராயத் தொடங்கினார். 1969-இல் மார்கியோரோ குழுவினர், இத்தகைய நாய்க்கு நல்ல நாயின் கல்லீரலைப் பொருத்தினால் இரத்தம் உறையும் சக்தி வருவதாக எழுதினார்கள். வாயில்லாப் பிராணிகள் பட்ட பாடு அது.

2024-இல் வேலூர் சி.எம்.சி. ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை தந்து வெற்றி கண்டதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப தெய்வக் குத்தம் இல்லையாடா?" என்றார்.