மென்பொருள் ரெய்டில் ஒதுக்கிடம்

மென்பொருள் ரெய்டில் ஒதுக்கிடம் என்பது, பல வன்தட்டுகளை இயங்குதளமே ஒரு தொகுதியாக இணைக்கையில் பயனரின் கோப்புகளுக்குக் கிடைக்காமல் விலக்கி வைக்கப்படும் இடம். லினக்ஸில் இடம் 'காணாமல் போனால்' பலரும் ரெய்டைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது ரெய்டின் மேல் அமர்ந்துள்ள கோப்பு முறைமையே.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, உருவாக்கப்படும்போதே 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. வட்டு நிரம்பி மற்றவர்களுக்கு எழுத இடமில்லாதபோதும், ரூட் உரிமையில் இயங்கும் சேவைகள் பதிவேடுகளை எழுத முடியும். கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறுவதும் குறையும். வட்டுகளை மெகாபைட்டில் அளந்த காலத்து விகிதம் இது. நான்கு 4 டெராபைட் வட்டுகளைக் கொண்ட ரெய்டு 5 தொகுதியின் கொள்ளளவு 12 டெராபைட். அதில் 600 கிகாபைட் இப்படி முடங்கும். ஐந்தாவது வட்டைச் சேர்த்துக் கோப்பு முறைமையையும் விரித்தால், விகிதம் மாறாமல் 800 கிகாபைட் ஆகும்.

இந்த விழுக்காட்டை 'டியூன்2எஃப்எஸ்' கருவியின் 'எம்' தெரிவால், தொகுதி பயன்பாட்டில் இருக்கும்போதே மாற்றலாம்; 0.5 போன்ற பின்ன விழுக்காடும் ஏற்கும். இயங்குதளம் இருக்கும் பகுதியில் 5 விழுக்காட்டைத் தொடாமல் விடுவது நல்லது. படங்கள், காப்புநகல்கள் மட்டும் உள்ள தொகுதிக்கு 1 விழுக்காடு தாராளம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இந்த விழுக்காட்டு ஒதுக்கீடே இல்லை.

ரெய்டு அடுக்கு எடுத்துக்கொள்வது சொற்பம். ரெய்டை உருவாக்கி நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியின் 1.2 பதிப்பு மேற்தரவு, ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதப்படுகிறது. அதன் பின் ஓர் இடைவெளி விட்டுத்தான் தரவு தொடங்கும். ஓர் உறுப்பு வட்டை ஆராய்ந்து பார்த்தால், தரவுத் தொடக்கம் 262144 செக்டர் என்று காட்டக்கூடும். அதாவது 128 மெகாபைட். பின்னாளில் தொகுதியை மறுவடிவமைக்க இந்த இடைவெளி உதவும். எம்டிஅட்ம் பதிப்புக்குப் பதிப்பு இந்த அளவு மாறியிருக்கிறது. பழுதான தொகுதியைப் புதிய பதிப்பால் மறுபடி உருவாக்கும்போது தொடக்கம் பிசகினால் கோப்பு முறைமை கண்ணில் படாது.

வட்டின் கடைசியில் விடும் இடம் வேறு வகை. ஒரே கொள்ளளவு என்று விற்கப்படும் வட்டுகளும் சில மெகாபைட் வித்தியாசப்படலாம். மாற்று வட்டு சற்றே சிறியதாக இருந்தால் தொகுதி அதை ஏற்காது. ஆகவே வட்டின் இறுதியில் 100 மெகாபைட் அளவுக்கு விடுவது வழக்கம். உருவாக்கும்போதே 'சைஸ்' தெரிவால் குறைத்தும் கொள்ளலாம். முழு அளவில் ஏற்கெனவே உருவாக்கிவிட்டால், முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, பிறகே ரெய்டைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் கடைசிப் பகுதித் தரவு போய்விடும்.