எதைக் குறைத்தார்கள்?

"முதல்முதலா நல்ல கேமரா வாங்கப் போறேன், எதை வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் 2003ஆம் ஆண்டின் கதையைச் சொல்வேன்.

அதற்கு முன் லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா பத்திரிகைக்காரர்களின் சாமான். 1991இல் வந்த கோடாக் டிசிஎஸ்ஸுக்குப் படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்கணும். 1999இல் நைக்கான் டி1 எல்லாவற்றையும் ஒரே உடலுக்குள் அடக்கியது. விலை பல ஆயிரம் அமெரிக்க டாலர். சாதாரண ஆளுக்கு எட்டாது.

2003 ஆகஸ்டில் கேனன் 300டி வந்தது. லென்ஸோடு 999 டாலர். அதே ஆண்டு வந்த, விலை கூடிய 10டியைப் போலவே இதிலும் 6.3 மெகாபிக்சல் சென்சார். அப்படியென்றால் எதைக் குறைத்தார்கள்? உலோக உடல் பிளாஸ்டிக் ஆனது. வியூஃபைண்டருக்குள் கண்ணாடிப் பட்டகம் போய் ஆடிகள் வந்தன. தொடர்ச்சியாக நான்கு படம் எடுத்தால் கொஞ்சம் காத்திருக்கணும். படத்தின் தரத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

நான் வாங்கியதும் யாரோ பயன்படுத்திய 300டிதான். பாட்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதை அதில்தான் எடுத்தேன். இப்போது பாட்டி இல்லை. புது மாடலுக்குக் காசு சேரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் படமும் இருந்திருக்காது.