போட் மெயில் சென்ற தீவு

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்குக் கடல் புதிதன்று. மாலையானால் சங்குமுகம், உறவினர் வந்தால் கோவளம். விடுமுறைக்கு மற்றொரு கடற்கரைக்குப் போகலாம் என்றால் வீட்டில் நகைப்பார்கள். எனினும், பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்துள்ள தமிழ்க் குடும்பத்தினர் தம் பிள்ளைகளுடன் ஒருமுறையேனும் சென்று நிற்க வேண்டிய கடற்கரை ஒன்று உண்டு. இராமேசுவரத் தீவின் கீழைக் கோடியிலுள்ள தனுஷ்கோடியே அது.

பயணம் எளிது. நாகர்கோவிலில் இரவு கன்னியாகுமரி–இராமேசுவரம் விரைவு வண்டியில் ஏறினால், விடியும் வேளையில் பாம்பனைக் கடக்கலாம். வாரத்தில் மூன்று நாள்களே அவ்வண்டி ஓடுவதால் அதற்கேற்ப நாள் குறிக்க வேண்டும். தை, மாசி மாதங்கள் உகந்தவை. ஐப்பசி முதல் மார்கழி வரை அக்கடலை நம்புவதற்கில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

வண்டி இப்போது 2025ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மீது செல்கிறது. பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது இராமேசுவர யாத்திரிகர்களுக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. இலங்கைக்குச் செல்லும் வழியாகவே முதன்மையாகக் கருதப்பட்டது. அதற்கு முன் கொழும்புக்குப் போவோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். 1914க்குப் பின்னரோ, சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மீண்டும் இரயிலில் கொழும்புக்கும் போக முடிந்தது. அதைத்தான் நம் பெரியவர்கள் போட் மெயில் என்றனர். இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 18 மைல். சங்குமுகத்திலிருந்து வர்க்கலைக்குள்ள தூரத்தைவிடக் குறைவு.

ஆனால் அவ்வழியில் சென்றோர் யாவரும் வசதியாகச் சென்றவரல்லர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தொழிலாளர் தொடக்கத்தில் தோணியில் கடல் கடந்து, மன்னார்ப் பக்கத்துக் காடுகளினூடே கண்டிச் சீமைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். இரயில் பாதை வந்தபின் நடை குறைந்தது; எனினும் தீவுக்கு இப்பாலுள்ள மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகச் சில நாள் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டனர். வண்டி மண்டபத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் உறங்கினால் எழுப்பிவிடுங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. இரண்டு மாதங்கூட நிறைவுறவில்லை; டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைக் கடலலை கவிழ்த்தது; அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாள்களில் செப்பனிட்டவர் நம் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன். தனுஷ்கோடிக்கோ தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை.

ஆகவே தாயகம் திரும்பியோரின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. அவர்களை முதலில் வரவேற்றது அதே மண்டபம் முகாம். பாட்டனைச் சோதித்து அனுப்பிய இடத்திலேயே பேரன் பெயரைப் பதிந்துகொண்டான். அவர்களுள் சிலர் நமக்கு அண்டையிலேயே இருக்கின்றனர்: அவர்களின் மறுவாழ்வுக்காக 1976இல் புனலூரில் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டு, ரப்பர்த் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது கப்பலும் நின்றது. பின்னர்ப் படகுகளில் வந்திறங்கிய அகதிகளுக்கும் மண்டபமே புகலிடமாயிற்று.

இராமேசுவரம் கோயிலின் நெடிய மூன்றாம் பிராகாரத்தைக் காலையில் காணுங்கள். சேதுபதிகளின் கொடை அது. அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர் நீராடலாம். தும்பாவில் பணிபுரிந்தமையால் நம்மூருக்கும் உரியவரான அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு, பிற்பகலில் தனுஷ்கோடிக்குப் புறப்படலாம். 2017க்கு முன் மணலில் வண்டிகள் திணறிய இடத்தில் இன்று அரிச்சல்முனை வரை நல்ல சாலை உண்டு. இடிந்த மாதா கோயிலும் இரயில் நிலையச் சுவர்களும் வழியிலேயே நிற்கின்றன. முனையில் நீரோட்டம் கொடியது. அங்கே குளிக்க வேண்டாம்.

புனலூர்த் தோட்டத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் தாயாரை அங்கு அழைத்துச் சென்றதைக் கூறினார். அந்த அம்மையார் இளம்பெண்ணாக, ஒரு தகரப்பெட்டியுடன் இராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர். பேரக்குழந்தைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்க, “தலைமன்னார் எந்தப் பக்கம், தம்பி?” என்று ஒரு மீனவரைக் கேட்டு, அவர் காட்டிய திசையிலேயே பார்த்து நின்றாராம். மாலையில் காவலர் வந்து எல்லா வண்டிகளையும் திரும்பச் சொன்ன பின்னரே அவர் நகர்ந்தாராம்.